பதக்கம் யாருடையது? – நார்மன் பிரிட்சார்டின் ஓட்டம்

(இறுதியாண்டு, இயந்திரவியல்)



பொது அறிவுப் போட்டியில் கேட்பது போல ஒரு கேள்வி கேட்கிறேன். ஒலிம்பிக் தடகளத்தில் இந்தியாவின் கணக்கில் முதல் பதக்கம் சேர்த்தவர் யார்?

நம்ம பசங்களில் பாதிப் பேர் மில்கா சிங் என்பார்கள். இல்லை. 1960-ல் ரோம் நகரில் 400 மீட்டர் ஓட்டத்தில் மில்கா நான்காவதாக வந்தார். மீதிப் பேர் பி.டி. உஷா என்பார்கள். 1984-ல் லாஸ் ஏஞ்சல்ஸில் 400 மீட்டர் ஹர்டில்ஸில் அவரும் நான்காவதுதான். வினாடியில் நூறில் ஒரு பங்கு நேரத்தில் பதக்கம் கைநழுவிப் போனது. கொஞ்சம் விவரமானவர்கள் நீரஜ் சோப்ரா என்பார்கள். 2021 ஆகஸ்ட் 7-ஆம் தேதி டோக்கியோவில் 87.58 மீட்டர் ஈட்டி எறிந்து தங்கம் வாங்கினார், உண்மைதான். ஆனால் அவரும் முதல் ஆள் இல்லை!

அவருக்கு 121 வருஷத்துக்கு முன்னாடியே, அதாவது 1900-ஆம் ஆண்டு பாரிஸ் ஒலிம்பிக்கில், கல்கத்தாவில் பிறந்து வளர்ந்த ஓர் இளைஞர் இரண்டு வெள்ளி வாங்கிவிட்டார். ஒன்று 200 மீட்டர் ஓட்டத்தில். இன்னொன்று 200 மீட்டர் ஹர்டில்ஸில். அவர் பெயர் நார்மன் கில்பர்ட் பிரிட்சார்ட்.

பெயரைப் பார்த்ததும் ஒரு சந்தேகம் வருகிறது அல்லவா? எனக்கும் வந்தது. இந்தப் பெயர் கொண்ட ஆள் எப்படி இந்தியர்? இந்தக் கேள்வியை உலகத்திலேயே பெரிய விளையாட்டு அமைப்புகள் இரண்டும் கேட்டுப் பார்த்துவிட்டு, ஆளுக்கொரு பதில் எழுதி வைத்திருக்கின்றன. டிபார்ட்மென்டுக்காக 200 மீட்டர் ஓடுகிறவன் என்ற முறையில் எனக்கு இந்த மனிதர் மேல் ஒரு தனிப் பிரியம். அதனால்தான் இந்த ஆண்டு மலரில் அவரைப் பற்றி எழுத உட்கார்ந்தேன்.

கல்கத்தாப் பையன்

பிரிட்சார்ட் பிறந்தது கல்கத்தாவில். பெற்றோர் ஆங்கிலேயர்கள். பிறந்த ஆண்டு 1875 என்று சில பதிவுகள் சொல்கின்றன. 1877 என்று சில சொல்கின்றன. படித்தது கல்கத்தாவின் செயின்ட் சேவியர் கல்லூரியில். அந்தக் காலத்தில் கல்கத்தாதான் பிரிட்டிஷ் இந்தியாவின் தலைநகரம். கப்பல் கம்பெனி, சணல் ஆலை, அரசாங்க ஆபீஸ் எல்லாம் அங்கேதான். கிரிக்கெட்டும் கால்பந்தும் தடகளமும் நம் நாட்டில் வேர்விட்டதில் அந்த ஊருக்குப் பெரிய பங்கு உண்டு.

வங்காள மாகாணத் தடகளப் போட்டியில் 100 கெஜ ஓட்டம் என்று ஒன்று உண்டு. 100 கெஜம் என்றால் நம் கணக்கில் 91.44 மீட்டர். 1894-லிருந்து 1900 வரை தொடர்ந்து ஏழு வருஷம் அந்தப் பட்டத்தை பிரிட்சார்ட் யாருக்கும் விட்டுக்கொடுக்கவில்லை. ஏழு வருஷம்! டிப்ளமோ மூணு வருஷம் முடிப்பதற்குள் நமக்கு மூச்சு வாங்குகிறது. முதல் பட்டம் வாங்கும்போது அவருக்கு 17-லிருந்து 19 வயதுக்குள் இருக்கும். அதாவது நம்ம வயசு.

ஓட்டம் மட்டும் இல்லை, கால்பந்தும் ஆடினார். 1897-ல் செயின்ட் சேவியர் அணிக்காக ஷோபாபஜார் கிளப்புக்கு எதிராக ஒரே ஆட்டத்தில் மூன்று கோல் அடித்தார். இந்தியாவில் பதிவான முதல் ஹாட்ரிக் இதுதான் என்று கால்பந்து வரலாறு எழுதுகிறவர்கள் சொல்வார்கள். 1900-லிருந்து 1902 வரை இந்தியக் கால்பந்துக் கழகத்தின் செயலாளராகவும் இருந்தார். பெயரில் இந்தியா என்று இருந்தாலும் அது 1893-ல் கல்கத்தாவில் தொடங்கிய அமைப்பு; இன்றைக்கு வங்காளத்தின் கால்பந்தை அதுதான் நடத்துகிறது.

ஆக, 25 வயதுக்குள் ஓட்டக்காரர், கால்பந்து வீரர், நிர்வாகி என்று மூன்று வேலையும் செய்து பார்த்தவர். அத்தனையும் கல்கத்தா மண்ணில். இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

கப்பல் ஏறினார்

1900-ஆம் ஆண்டு அவர் இங்கிலாந்துக்குப் போனார். அன்றைக்கு விமானம் ஏது? கப்பலில், சூயஸ் கால்வாய் வழியாக, வாரக்கணக்கில் பயணம். அங்கே போன சமயத்தில் லண்டனில் ஆங்கிலேயத் தடகளச் சங்கத்தின் ஆண்டுப் போட்டி நடந்தது. உலகத்தின் நல்ல ஓட்டக்காரர்கள் பலரும், முக்கியமாக அமெரிக்கர்கள், பாரிசுக்குப் போகும் வழியில் அதில் ஓடினார்கள். பிரிட்சார்டும் ஓடினார். 120 கெஜ ஹர்டில்ஸில் இரண்டாவதாக வந்தார். அவரை முந்தியவர் ஆல்வின் கிரேன்ஸ்லைன் என்ற அமெரிக்கர். இந்தப் பெயரையும் ஞாபகத்தில் வையுங்கள், திரும்ப வருவார்.

அந்தப் போட்டியில் பிரிட்சார்ட் பெயருக்கு நேராக வங்காள மாகாணத் தடகளக் கிளப்பும் இருந்தது, லண்டன் தடகளக் கிளப்பும் இருந்தது. ஒரே ஆளுக்கு இரண்டு முகவரி. பின்னால் நூறு வருஷம் நடக்கப்போகும் வழக்குக்கு விதை இங்கேதான் விழுந்தது.

பாரிசில் நடந்தது

1900 பாரிஸ் ஒலிம்பிக் என்றதும் இன்றைக்கு டிவியில் பார்ப்பது மாதிரி கற்பனை செய்துகொள்ளாதீர்கள். தீபம் இல்லை, தொடக்க விழா இல்லை, அணிவகுப்பு இல்லை. பாரிசில் அந்த வருஷம் ஒரு பிரமாண்டமான உலகப் பொருட்காட்சி நடந்தது. அதன் ஓர் அங்கமாகத்தான் விளையாட்டுப் போட்டிகளை நடத்தினார்கள். மே மாதம் ஆரம்பித்து அக்டோபர் வரை இழுத்துக்கொண்டே போனது. அதில் கலந்துகொண்டவர்களில் பலருக்குத் தாங்கள் ஒலிம்பிக்கில் ஓடுகிறோம் என்பதே தெரியாது!

தடகளப் போட்டிகள் நடந்தது பூலோன் என்ற பெரிய காட்டுப் பூங்காவுக்குள். இன்றைய சிந்தெடிக் டிராக்கை விடுங்கள், நம்ம கிரவுண்டில் சுண்ணாம்புக் கோடு போட்ட மண் டிராக் கூடக் கிடையாது. புல்தரையில் 500 மீட்டர் சுற்றுப் பாதை. மேடு பள்ளம் வேறு. வட்டு எறிகிறவர்களுக்கு மரங்கள் குறுக்கே நின்றன. ஸ்டார்ட்டிங் பிளாக் என்ற சாமானே அப்போது கிடையாது. தரையில் குழி தோண்டி அதில் காலை ஊன்றிக் கிளம்புவார்கள்.

இந்தத் தரையில் ஜூலை 14-லிருந்து 22-க்குள் பிரிட்சார்ட் ஐந்து போட்டிகளில் இறங்கினார். 60 மீட்டர், 100 மீட்டர், 200 மீட்டர், 110 மீட்டர் ஹர்டில்ஸ், 200 மீட்டர் ஹர்டில்ஸ். 60 மீட்டரிலும் 100 மீட்டரிலும் இறுதிப் போட்டிக்கு வர முடியவில்லை. 110 மீட்டர் ஹர்டில்ஸில் இறுதிக்கு வந்தார். ஆனால் ஓட்டத்தை முடிக்கவில்லை. அங்கேயே மனசு விட்டுப்போய் மூட்டை கட்டியிருந்தால் இன்றைக்கு இந்தக் கட்டுரைக்கு வேலையே இல்லை.

ஜூலை 16, 200 மீட்டர் ஹர்டில்ஸ் இறுதி. கிரேன்ஸ்லைன் 25.4 வினாடியில் முதலிடம். பிரிட்சார்ட் 26.6 வினாடியில் இரண்டாமிடம். மூன்றாவதாக வந்தவர் வால்டர் டியூக்ஸ்பரி, இவரும் அமெரிக்கர்.

ஆறு நாள் கழித்து, ஜூலை 22, 200 மீட்டர் ஓட்டத்தின் இறுதி. இந்த முறை டியூக்ஸ்பரி 22.2 வினாடியில் முதலிடம். பிரிட்சார்ட் 22.8 வினாடியில் இரண்டாமிடம். ஆஸ்திரேலியாவின் ஸ்டான்லி ரவுலி மூன்றாமிடம். 

அவரைத் தோற்கடித்த இரண்டு பேரும் சாமானியர்கள் அல்ல. இருவருமே அமெரிக்காவின் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் பல் மருத்துவம் படித்தவர்கள். கிரேன்ஸ்லைன் அந்த ஒலிம்பிக்கில் மட்டும் தனி நபராக நான்கு போட்டிகளில் முதலிடம் பிடித்தார். டியூக்ஸ்பரி மொத்தம் ஐந்து பதக்கம். ஒரே பல்கலைக்கழகத்தில் தினமும் ஒருவரோடு ஒருவர் போட்டி போட்டுப் பயிற்சி எடுத்த ஜோடி அது. கல்கத்தாவிலிருந்து வந்தவர் அவர்களுக்கு நடுவில் நுழைந்து இரண்டு முறை இரண்டாவதாக வந்தார் என்றால் சும்மா இல்லை.

கொஞ்சம் கணக்கு

நாம் டிப்ளமோக்காரர்கள். கணக்குப் போடாமல் எப்படி விடுவது?

200 மீட்டரை 22.8 வினாடியில் ஓடினால் சராசரி வேகம் வினாடிக்கு 8.77 மீட்டர். மணிக்கு 31.6 கிலோமீட்டர். ஒரு டி.வி.எஸ். 50 நிதானமாகப் போகிற வேகம். அதுவும் நின்ற இடத்திலிருந்து கிளம்பி, புல்தரையில், பிளாக் இல்லாமல். 2009-ல் பெர்லினில் உசேன் போல்ட் ஓடிய 19.19 வினாடியோடு இதை ஒப்பிட்டு இளக்காரமாகப் பார்க்கக் கூடாது. மெஷின், தரை, டூல் மூன்றும் மாறியபிறகு இரண்டு ஜாபையும் ஒரே அளவுகோலில் ஒப்பிடலாமா? ஒர்க்‌ஷாப்பில் நமக்குச் சொல்லித்தருவது இதுதானே.

ஹர்டில்ஸ் கணக்கு இன்னும் சுவாரசியம். 200 மீட்டர் ஹர்டில்ஸில் பத்துத் தடை. ஒவ்வொன்றும் இரண்டரை அடி உயரம். முதலாமவருக்கும் பிரிட்சார்டுக்கும் வித்தியாசம் 1.2 வினாடி. பத்தால் வகுத்தால் ஒரு தடைக்கு 0.12 வினாடி. கண் இமைக்கிற நேரம்! இந்த வித்தியாசத்துக்கு கிரேன்ஸ்லைனின் உத்தியும் ஒரு காரணமாக இருக்கலாம். பழைய ஆட்கள் தடையைக் கண்டதும் காலை மடக்கி எம்பிக் குதிப்பார்கள். அவர் முன்காலை நேராக நீட்டி, உடம்பை முன்னால் சாய்த்து, ஓட்டத்தின் ஒரு காலடி போலவே தடையைத் தாண்டினார். உடம்பின் ஈர்ப்பு மையம் தேவைக்கு மேல் உயரவில்லை. அதனால் காற்றில் இருக்கும் நேரம் குறைந்தது. இன்றைக்கு உலகம் முழுக்க ஹர்டில்ஸ் ஓடுகிறவர்கள் இந்த வழியில்தான் தாண்டுகிறார்கள்.

தடை என்றாலும் இன்றைய தடை இல்லை. அன்றைக்கு இருந்தது தலைகீழாகக் கவிழ்த்த 'டி' எழுத்து மாதிரி கனமான மரச்சட்டம். கால் பட்டால் அது லேசில் சாயாது, ஓடுகிறவனுக்குத்தான் அடி. அடிக்கட்டை ஓடிவருகிறவன் பக்கம் மட்டும் நீண்டு, இடித்தால் முன்பக்கமாகச் சாய்ந்துவிடும் 'எல்' வடிவத் தடை 1935-ல்தான் வந்தது. ஒரு சின்ன டிசைன் மாற்றம், எத்தனை முழங்காலைக் காப்பாற்றியிருக்கிறது பாருங்கள்.

வேடம் மாறியது

பாரிசுக்குப் பிறகு பிரிட்சார்ட் கல்கத்தாவுக்குத் திரும்பினார். கால்பந்துக் கழக வேலையைப் பார்த்தார். 1905-ல் நிரந்தரமாக இங்கிலாந்து போய்விட்டார். முதலில் வியாபாரம், பிறகு நாடகம். ஓட்டக்காரர் நடிகர் ஆனார்! பெயரையும் நார்மன் டிரெவர் என்று மாற்றிக்கொண்டார். லண்டன் மேடை, அதன்பின் அமெரிக்கா போய் நியூயார்க்கின் பிராட்வே மேடை, கடைசியில் ஹாலிவுட்.

அது பேசாத படங்களின் காலம். 1926-ல் வந்த 'பியூ ஜெஸ்ட்' என்ற புகழ்பெற்ற படத்தில் ரொனால்டு கோல்மன் கதாநாயகன். நம்மவர் பிரெஞ்சுப் படையின் மேஜர் வேடம். அதே வருஷம் 'டான்சிங் மதர்ஸ்' படத்தில் கிளாரா போ என்ற பெரிய நட்சத்திரத்துக்கு அப்பாவாக நடித்தார். படம் பார்த்தவர்களில் எத்தனை பேருக்கு இந்த அப்பா ஒரு காலத்தில் கல்கத்தாவில் 100 கெஜ ஓட்டத்தின் ராஜா என்று தெரிந்திருக்கும்?

1929 அக்டோபர் மாதக் கடைசியில் கலிபோர்னியாவில் மூளை நோயால் இறந்தார். நியூயார்க் பங்குச் சந்தை சரிந்து அமெரிக்காவே தலையில் கை வைத்து உட்கார்ந்திருந்த அதே வாரம்.

எந்த நாட்டுக் கணக்கு?

இப்போது வழக்குக்கு வருவோம்.

சர்வதேச ஒலிம்பிக் கமிட்டி தன் பதிவில் பிரிட்சார்டின் இரண்டு வெள்ளியையும் இந்தியாவின் கணக்கில் வைத்திருக்கிறது. 1900 பாரிசில் இந்தியாவுக்கு இருந்த ஒரே ஆள் அவர்தான். ஆனால் தடகளத்துக்கான சர்வதேச சம்மேளனம், 2004 ஏதென்ஸ் ஒலிம்பிக்கை ஒட்டி வெளியிட்ட புள்ளிவிவரத் தொகுப்பில் அவரை பிரிட்டன் கணக்கில் போட்டுவிட்டது. லண்டன் போட்டியில் ஓடிய பிறகே பிரிட்டன் சார்பில் பாரிஸ் போனார் என்பது அந்தக் கட்சியின் வாதம். பிறந்து வளர்ந்து ஓடியது எல்லாம் கல்கத்தாவில், பட்டங்களும் அங்கே வாங்கியவை என்பது இந்தக் கட்சியின் வாதம்.

வேடிக்கை என்னவென்றால், 1900-ல் நாடு நாடாகப் பெயர் கொடுக்கும் முறையே கிடையாது. கிளப் சார்பாகவோ தனி ஆளாகவோ போய் ஓடலாம். நாட்டின் ஒலிம்பிக் கமிட்டி வழியாகத்தான் வர வேண்டும் என்ற ஏற்பாடு 1908 லண்டன் ஒலிம்பிக்கில்தான் வந்தது. இன்னொன்று சொன்னால் ஆச்சரியப்படுவீர்கள். தங்கம், வெள்ளி, வெண்கலம் என்று முதல் மூன்று இடத்துக்கும் பதக்கம் கொடுக்கும் பழக்கம் 1904-ல்தான் ஆரம்பித்தது. ஆக, பிரிட்சார்ட் கழுத்தில் யாரும் வெள்ளிப் பதக்கம் மாட்டவே இல்லை! அவருடைய வெள்ளி என்பது பின்னால் வந்தவர்கள் பதிவேட்டில் எழுதிய ஒரு வரி. அந்த ஒரு வரியைத்தான் இரண்டு நாடுகளுக்கு நடுவில் வைத்து இழுத்துக்கொண்டிருக்கிறார்கள்.

அந்த வரியின் கனம் லேசுப்பட்டது இல்லை. 2004-ல் ராஜ்யவர்தன் சிங் ராத்தோர் துப்பாக்கி சுடுதலில் வெள்ளி வாங்கியபோது, இந்தியாவின் முதல் தனிநபர் வெள்ளியா இல்லையா என்ற கேள்வி பிரிட்சார்டைப் பொறுத்தே இருந்தது. 2024-ல் அதே பாரிசில் மனு பாக்கர் துப்பாக்கி சுடுதலில் இரண்டு வெண்கலம் வாங்கினார். ஒரே ஒலிம்பிக்கில் இரண்டு பதக்கம் வாங்கிய முதல் இந்தியர் என்று எழுதப் போனவர்கள், சுதந்திரத்துக்குப் பிறகு என்ற வார்த்தைகளையும் சேர்த்தே எழுத வேண்டியிருந்தது. காரணம், 124 வருஷத்துக்கு முன்னாடி ஓடிய நம் கல்கத்தாக்காரர்.

நம்ம ஊர்க் கணக்கு

இந்த வழக்கை நான் நம்ம மாவட்டத்தை வைத்துத்தான் யோசித்துப் பார்த்தேன்.

சுப்பிரமணிய சிவா பிறந்தது வத்தலகுண்டு. சிறை சென்றது வ.உ.சி.யோடு திருநெல்வேலிச் சீமையில் நடந்த போராட்டத்துக்காக. ஆனால் அவர் பாரதமாதா ஆசிரமம் அமைத்ததும், 1925 ஜூலை 23-ல் கண்ணை மூடியதும் நம்ம பாப்பாரப்பட்டியில். அவரைத் தருமபுரிக்காரர் இல்லை என்று இங்கே யாராவது சொல்லிவிட முடியுமா? விட்டுவிடுவோமா? பிறந்த இடம் எதுவாக இருந்தாலும், ஒரு மனிதர் உழைப்பைக் கொட்டிய மண்ணுக்கும் அவர் மேல் உரிமை உண்டு என்றுதானே நாம் நினைக்கிறோம்.

அப்படியானால் பிரிட்சார்ட்? அவர் பிறந்ததும் இங்கே, கால் பழகியதும் இங்கே. பாரிசில் ஓடிய அந்தக் கால்களைத் தயார் செய்தது கல்கத்தாவின் மைதானம். பிற்பாடு ஊரை விட்டுப் போனது நிஜம்தான். நம்ம பென்னாகரம், அரூர், பாலக்கோடு பக்கத்துப் பிள்ளைகள் எத்தனை பேர் ஓசூரிலும் பெங்களூரிலும் வேலை பார்க்கிறார்கள்! அங்கேயே வீடு கட்டிக் குடியேறியும் விட்டார்கள். அதனால் அவர்கள் இங்கே படித்த படிப்பும் கற்ற தொழிலும் இந்த ஊருடையது இல்லை என்று ஆகிவிடுமா? ஒர்க்‌ஷாப்பில் ஒரு ஜாப் எந்த லேத்தில் கடைந்தது என்று பார்க்கிறோமே தவிர, பிறகு எந்த வண்டியில் ஏறிப்போனது என்றா பார்க்கிறோம்? இந்த வரைக்கும் என் தீர்ப்பு இந்தியா பக்கம்தான்.

ஆனால் இதோடு நிறுத்தினால் பாதி உண்மைதான் சொன்னதாக ஆகும்.

தாமஸ் மன்றோவும் நம்ம தருமபுரியில் சில வருஷம் இருந்தவர்தான். 1792-லிருந்து 1799 வரை பாரமகால் நிர்வாகத்தில் வேலை பார்த்தார். அவரை நாம் நம் ஊர்க்காரர் என்பதில்லை. ஆள வந்தவர் என்றுதான் சொல்கிறோம். பிரிட்சார்ட் ஆள வந்தவர் இல்லை, ஆனால் ஆளுகிறவர்களின் வீட்டுப் பிள்ளை. அன்றைய கல்கத்தாவின் பெரிய கிளப்புகள் பலவற்றில் வெள்ளையருக்கு மட்டும்தான் இடம். ஒரு வங்காளிப் பையன் அவரை விட வேகமாக ஓடியிருந்தாலும், வேலையை விட்டுவிட்டு, கப்பலுக்குக் காசு கட்டி, லண்டனில் ஒரு கிளப்பின் கதவைத் தட்டியிருக்க முடியுமா? மைதானம் நம் மண். அதில் எல்லோருக்கும் ஒரே கோட்டில் நிற்க இடம் இல்லை.

அப்படி நிற்க இடம் கிடைத்தபோது என்ன ஆனது என்பதற்கும் கல்கத்தாவிலேயே சாட்சி இருக்கிறது. பிரிட்சார்ட் செயலாளராக இருந்த அதே கால்பந்துக் கழகத்தின் ஷீல்டுப் போட்டியில், 1911 ஜூலை 29-ஆம் தேதி, மோகன் பகான் அணி ஈஸ்ட் யார்க்‌ஷயர் ராணுவ அணியை 2-1 என்று வீழ்த்தியது. பூட்ஸ் போட்ட சிப்பாய்களுக்கு எதிராக நம்மவர் பதினொரு பேரில் பத்துப் பேர் வெறுங்காலோடு ஆடினார்கள்! தடகளத்தில் அந்த வாய்ப்பு இன்னும் தாமதமாக வந்தது. 1920-ல் தொராப்ஜி டாட்டா முயற்சி எடுத்து ஆண்ட்வெர்ப் ஒலிம்பிக்குக்கு ஒரு சின்ன அணியை அனுப்பினார். இந்திய ஒலிம்பிக் சங்கம் பிறந்தது 1927-ல். சுதந்திர இந்தியாவின் முதல் தனிநபர் பதக்கம், மல்யுத்த வீரர் கே.டி. ஜாதவ் 1952-ல் ஹெல்சிங்கியில் வாங்கிய வெண்கலம். பிரிட்சார்டிலிருந்து எண்ணினால் 52 வருஷம்.

அதனால் என் கட்சி இது: பிரிட்சார்டின் பெயர் இந்தியக் கணக்கிலேயே இருக்கட்டும். அந்த வேகத்தை வளர்த்தது இந்த மண். ஆனால் அந்தப் பெயரைச் சொல்லும்போதெல்லாம், அவர் பக்கத்து லேனில் ஓட விடப்படாதவர்களையும் சேர்த்தே சொல்ல வேண்டும். பதக்கத்தை வைத்துக்கொண்டு மீதியை மறைப்பதும் சரியில்லை; மீதியைக் காட்டி அந்த மனிதரின் உழைப்பைத் தள்ளிவிடுவதும் சரியில்லை.

நாம் செய்ய வேண்டியது

இதையெல்லாம் படித்தபிறகு எனக்கு மனசில் நின்றது ஒன்றுதான். யாரோ ஒருத்தர் 1894-லிருந்து வருஷா வருஷம் கல்கத்தாவில் யார் முதலாவது என்று எழுதி வைத்தார். பாரிசில் யாரோ ஒருத்தர் ஸ்டாப் வாட்சைப் பார்த்து எழுதினார். எழுதினதால்தான் இன்றைக்கு வாதாடவாவது முடிகிறது. எழுதப்படாத ஓட்டக்காரனுக்கு எந்த நாடும் சண்டை போடாது.

நம்ம கிரவுண்டைப் பாருங்கள். வருஷா வருஷம் ஸ்போர்ட்ஸ் டே நடக்கிறது. மொரப்பூர் பக்கத்திலிருந்து ரயிலேறி வருகிற பையன், காலையில் மாட்டுக்குத் தண்ணி காட்டிவிட்டு வருகிற பையன், ஷூ கடன் வாங்கி ஓடுகிற பொண்ணு என்று எத்தனை பேர் விசில் சத்தத்துக்குக் கிளம்பிப் பறக்கிறார்கள்! சர்டிபிகேட்டில் முதலிடம் என்று இருக்கிறது. எத்தனை வினாடி என்று இல்லை. மூணு வருஷம் முடிந்ததும் அவர்கள் கம்பெனிக்குப் போய்விடுகிறார்கள். நம்ம காலேஜின் 100 மீட்டர் ரெக்கார்டு என்ன என்று இன்றைக்குக் கேட்டால் பதில் சொல்ல ஆள் இல்லை.

மாணவர் பேரவைக்கு என் வேண்டுகோள் ஒன்று. அடுத்த ஸ்போர்ட்ஸ் டேயிலிருந்து ஒரு தடித்த நோட்டு போடுவோம். பெயர், டிபார்ட்மென்ட், சொந்த ஊர், போட்டி, நேரம், தேதி என்று ஆறு காலம் போதும். ஜெயித்தவர் மட்டும் இல்லை, ஓடிய எல்லோர் பெயரும் அதில் ஏற வேண்டும். நேரம் பார்க்க இரண்டு ஸ்டாப் வாட்ச், இரண்டு கை வேண்டும். ஒரு கை என்னுடையது. நான் பாஸ் ஆகிப் போனபிறகும் ஸ்போர்ட்ஸ் டே அன்றைக்கு லீவு போட்டுவிட்டு வந்து நிற்கிறேன். இன்னொரு கை ஜூனியர்களில் யாராவது கொடுங்கள்.